டிஜிட்டல் ஸ்கிராப்புக் பக்கத்தில் நூல் தையல்: என்ன கோளாறு, எங்கே சரிசெய்வது

காகிதத்தில் ஸ்கிராப்புக், அதாவது புகைப்படங்களை அலங்கரித்து ஒட்டும் நினைவு ஆல்பம், செய்பவர்கள் அட்டைத்தாளை அப்படியே தையல் மிஷினில் கொடுத்து ஓரத்தை ஓட்டிவிடுவார்கள். புகைப்படத்தைச் சுற்றி ஒரு வரி, தலைப்புப் பட்டிக்கு ஒரு ஜிக்ஜாக், அவ்வளவுதான். பக்கம் கையால் செய்த பொருளாகிவிடும். அதே அழகைத் திரையில் கொண்டுவர ஃபோட்டோஷாப், கிம்ப் போன்ற பட மென்பொருளில் உட்காரும்போதுதான் தொல்லை. தையல் கோடாகத் தெரியும், ஒட்டுப்பட்டியாகத் தெரியும், காற்றில் மிதக்கும். எல்லாம் ஆகும், தையல் மட்டும் ஆகாது.

உங்கள் பக்கத்தில் கண்ணை உறுத்துவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். போகும் முன் இரண்டு விஷயங்களை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிக் கோளாறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

ஒன்று, அளவு. ஸ்கிராப்புக் பக்கம் வழக்கமாக 12 அங்குலச் சதுரம். அச்சுக்கு 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்றால் 3600 பிக்சலுக்கு 3600 பிக்சல். அந்தப் பக்கத்தில் 1 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். வீட்டுத் தையல் மிஷினில் சாதாரணமாக வைக்கும் தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், அதாவது 30 பிக்சல். நூலின் தடிமன் 0.4 மில்லிமீட்டர் என்று வைத்தால் 5 பிக்சல். இந்த 30, 5 என்ற இரண்டு எண்களும் இனி அடிக்கடி வரும்.

இரண்டு, இது மிஷின் தையலா, கைத் தையலா? மிஷின் தையலில் ஒரு தையல் முடியும் துளையிலேயே அடுத்தது தொடங்குகிறது. இடைவெளி என்று தனியாக எதுவும் கிடையாது, நடுவில் ஒரு ஊசித் துளை மட்டும்தான். கையால் போடும் ரன்னிங் ஸ்டிச்சில் நூல் மேலே ஒரு முறை, அடியில் ஒரு முறை என்று போவதால் இடைவெளி நன்றாகத் தெரியும். நூலும் தடிமனாக இருக்கும். மெல்லிய மிஷின் நூலை வைத்துக்கொண்டு கைத் தையலின் பெரிய இடைவெளியைக் கொடுத்தால், எத்தனை நிழல் போட்டாலும் அது கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லும் புள்ளிக்கோடாகவே தெரியும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் ஏற்காது.

பெரிதாக்கினால் தெரிகிறது, சிறிதாக்கினால் தையல் காணாமல் போகிறது

இது கோளாறே இல்லை. 3600 பிக்சல் பக்கம் திரையில் முழுதாகத் தெரிய 20, 25 சதவீதத்தில் காட்டப்படும். 5 பிக்சல் நூலை ஒரு பிக்சலில் காட்ட வேண்டிய நிலையில் மென்பொருள் சில தையல்களைக் காட்டும், சிலவற்றை விழுங்கும். 33.3%, 66.7% போன்ற அரைகுறை அளவுகளில் ஒரே வரியில் சில தையல் தடித்தும் சில மெலிந்தும் தெரியும். 50% அல்லது 100%-க்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் எதையும் தொட வேண்டாம். திரையில் மெலிதாகத் தெரிகிறதே என்று நூலைத் தடிமனாக்கினால், அச்சில் கயிறு வரும்.

தையல்கள் கயிறு போலத் தடிமனாக வருகின்றன

ஷேப் லேயருக்கு (வடிவம் இருக்கும் அடுக்குக்கு) ஸ்ட்ரோக் (ஓரக் கோடு) கொடுக்கும்போது அகலம் பிக்சலில் இருக்கிறதா, பாயின்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 300 பிபிஐ பக்கத்தில் 1 பாயின்ட் என்பது 4.17 பிக்சல். 5 என்று தட்டினீர்கள், அலகு பாயின்ட்டில் இருந்தது என்றால் கிடைப்பது 21 பிக்சல், கிட்டத்தட்ட 1.8 மில்லிமீட்டர். அது நூல் இல்லை, சணல். அகலப் பெட்டியிலேயே வலது கிளிக் செய்தால் அலகை மாற்றலாம்.

அலகு சரியாகவே இருந்தால் பக்கத்தின் பிபிஐயைப் பாருங்கள். 72 பிபிஐயில் திறந்த 12 அங்குலப் பக்கம் வெறும் 864 பிக்சல்தான். அதில் 5 பிக்சல் நூல் நான்கு மடங்கு பெரிதாகத்தான் தெரியும். அந்தப் பக்கத்தை அப்படியே 300-க்கு ஏற்றிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்; புதிதாக 3600-இல் திறந்து தொடங்குவதே வேகம்.

இடைவெளியே இல்லை, முழுக் கோடாக வருகிறது

எந்த வழியில் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

பிரஷ்ஷால் போட்டிருந்தால் பிரஷ் செட்டிங்ஸ் பேனலைத் திறந்து (எஃப்5) பிரஷ் டிப் ஷேப்பில் ஸ்பேசிங்கைப் பாருங்கள். சாதாரண பிரஷ்களில் அது 25% மாதிரி இருக்கும்; ஒரு முத்திரை மேல் இன்னொரு முத்திரை விழுந்து கோடாகிறது. 150, 200 என்று ஏற்றிக்கொண்டே போய், கீழே தெரியும் முன்னோட்டத்தில் தையல் பிரியும் இடத்தில் நிறுத்துங்கள். 1000% வரை இடம் உண்டு. முனையின் வடிவத்துக்கு ஏற்ப எண் மாறும், அதனால் இன்னொருவர் சொன்ன எண்ணை அப்படியே போடுவதில் பயனில்லை. ஸ்பேசிங்குக்குப் பக்கத்திலுள்ள டிக் எடுபட்டிருந்தால் இன்னொரு தொல்லை வரும்: மவுஸை வேகமாக நகர்த்தினால் தையல் அகலும், மெதுவாக நகர்த்தினால் நெருங்கும். டிக் இருக்கட்டும்.

ஷேப் லேயரின் டேஷ்டு லைனால் (விட்டுவிட்டு வரும் கோட்டால்) போட்டிருந்தால் காரணம் வேறு. சிஎஸ்6 பதிப்பில், 2012-இல், ஃபோட்டோஷாப்புக்கு இந்த வசதி வந்தது. அதில் நாம் தட்டும் டேஷ், இடைவெளி எண்கள் பிக்சல் கணக்கு இல்லை. ஸ்ட்ரோக் அகலத்தின் மடங்கு. அகலம் 5 பிக்சல், டேஷ் 5, இடைவெளி 1 என்றால் 25 பிக்சல் நூல், 5 பிக்சல் இடைவெளி. இதோடு உருண்டை முனையைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் அரை அகலம் நீளும். அங்கே இரண்டரை, இங்கே இரண்டரை. 5 பிக்சல் இடைவெளி முழுதும் அடைபட்டுவிடும். தட்டை முனைக்கு மாறுங்கள், அல்லது இடைவெளியை ஒன்று கூட்டுங்கள். இந்த நீட்சியை நினைவில் வையுங்கள். ஊசித் துளை போடும் இடத்தில் இதுவே நமக்கு உதவப் போகிறது.

வளைவில் தையல் திரும்பவில்லை. எல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன

வட்டமாகப் போடச் சொன்னால் தையல்கள் எல்லாம் படுத்தபடியே வட்டத்தைச் சுற்றி நிற்கும். பிரஷ் செட்டிங்ஸ் பேனலின் ஷேப் டைனமிக்ஸில் ஆங்கிள் ஜிட்டருக்கு (சாய்வைச் சற்றுக் கலைக்கும் அமைப்புக்கு) கீழே உள்ள கன்ட்ரோல் பட்டியலில் டைரக்ஷனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் பக்கத்திலேயே இனிஷியல் டைரக்ஷன் என்று ஒன்று உண்டு. கை தவறி அதைத் தொட்டால், கோடு தொடங்கிய திசையையே கடைசித் தையல் வரை பிடித்துக்கொள்ளும்.

டைரக்ஷன் சரியாக இருந்தும் தையல்கள் ஏணிப் படி மாதிரி குறுக்கே நிற்கின்றன என்றால், முனையை நிமிர்ந்த வடிவில் வரைந்திருக்கிறீர்கள். பிரஷ் டிப் ஷேப்பில் ஆங்கிளை 90 ஆக்கினால் படுத்துக்கொள்ளும்.

ஃபோட்டோஷாப் எலிமென்ட்ஸ் வைத்திருப்பவர்கள் இந்த டைரக்ஷனைத் தேடிக் களைத்துப் போவார்கள். அதில் இது கிடையாது, பாதை வரையும் பென் டூலும் கிடையாது. நேர்கோட்டுக்கு ஒரு முனையில் கிளிக் செய்து, ஷிஃப்ட்டைப் பிடித்தபடி மறுமுனையில் கிளிக் செய்யலாம். செங்குத்துக் கோட்டுக்கு பிரஷ் ஆங்கிளை 90 ஆக்கிக்கொள்ள வேண்டும். வளைவுக்கு ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: எலிமென்ட்ஸ் 10 முதல் எழுத்தை ஒரு வடிவத்தின் மேலோ நாமே வரையும் பாதையின் மேலோ ஓட்டும் டெக்ஸ்ட் டூல்கள் இருக்கின்றன. அந்தப் பாதையில் சிறுகோடுகளை, அதாவது ஹைஃபன்களை, வரிசையாகத் தட்டுங்கள். எழுத்து வளைவுக்கேற்பத் திரும்புவதால் தையலும் திரும்பும். எழுத்துரு அளவுதான் தையலின் நீளம், எழுத்துருவின் கனம்தான் நூலின் தடிமன்.

கிம்ப்பில் பெயிண்ட் பிரஷ்ஷின் டைனமிக்ஸ் பட்டியலில் டிராக் டைரக்ஷன் என்று ஆயத்தமாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, ஸ்பேசிங்கை ஏற்றி, பாதையை (முன்பே வரைந்த வழிகாட்டிக் கோட்டை) பெயிண்ட் டூலால் ஸ்ட்ரோக் செய்யுங்கள், அதாவது அதன் மேல் பிரஷ்ஷை ஓட்டுங்கள்.

தையலின் வடிவமே சரியில்லை, இரு முனையும் கூர்ந்திருக்கிறது

வட்ட பிரஷ்ஷை ரவுண்ட்னஸ் குறைத்துத் தட்டையாக்கினால் கிடைப்பது நீள்வட்டம். அரிசியை வரிசையாக அடுக்கியது போல இருக்கும். நூல் அப்படி இருக்காது. நடுவிலும் ஓரத்திலும் ஏறக்குறைய ஒரே தடிமன், கடைசியில்தான் சட்டென்று துளைக்குள் இறங்கும். ஐந்து நிமிடம் செலவழித்து சொந்த முனை ஒன்று செய்துகொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணியில் 60 பிக்சலுக்கு 10 பிக்சல் செவ்வகம், மூலைகளை லேசாக மழுக்கி, முழுக் கருப்பில். எடிட் மெனுவில் டிஃபைன் பிரஷ் ப்ரீசெட். பயன்படுத்தும்போது அளவை 30-க்கு இறக்கிக்கொள்ளலாம். பெரிதாக வரைந்து சிறிதாக்குவது நல்லது, சிறிதாக வரைந்து பெரிதாக்கினால் ஓரம் மங்கும்.

நூல் நிறம் வெளிறிப்போய், பின்னால் உள்ள தாள் தெரிகிறது

முனையை எந்த நிறத்தில் வரைந்தீர்கள்? பிரஷ் முனை நிறத்தைச் சேமிப்பதில்லை, கருமையை மட்டும் சேமிக்கிறது. கருப்பு என்றால் முழு அடர்த்தி, சாம்பல் என்றால் பாதி ஒளி ஊடுருவும். அழகான சிவப்பு நூலை வரைந்து அதையே முனையாக்கினால், அந்தச் சிவப்பு சாம்பலாக மாறிப் பதிவாகும். அசலைக் கருப்பாக்கி மறுபடி பதியுங்கள். முனை சரி என்றால் மேலே ஒபாசிட்டி, ஃப்ளோ இரண்டும் 100-இல் இருக்கின்றனவா, டிரான்ஸ்ஃபர் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நூலின் முறுக்கு தெரிய வேண்டும் என்று முனையிலேயே சாய்கோடுகளைச் சாம்பலில் வரைந்தவர்களுக்கும் இதே தொல்லை வரும்; கோடுகளின் வழியே தாள் எட்டிப் பார்க்கும். அதற்கு, அதே நீள அகலத்தில் கோடு இல்லாத கருப்பு முனை ஒன்றும் செய்து, அதே பாதையைக் கீழே ஒரு லேயரில் சற்று அடர்ந்த நிறத்தில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். மேலே முறுக்குள்ள முனை. ஸ்பேசிங்கும் அளவும் ஒன்றாக இருந்தால் இரண்டும் பொருந்தி உட்காரும்.

தொடக்கத்திலும் முடிவிலும் தையல் சிறுத்துப் போகிறது

ஸ்ட்ரோக் பாத் பெட்டியில் சிமுலேட் பிரஷர் டிக் ஆகியிருக்கிறது. எடுத்துவிடுங்கள். கிம்ப்பில் இதற்கு எமுலேட் பிரஷ் டைனமிக்ஸ் என்று பெயர். டேப்லெட் பேனாவால் கையாலேயே இழுப்பவர்கள் சைஸ் ஜிட்டரின் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். மேல் பட்டையில் உள்ள, பேனா அழுத்தத்தால் அளவை மாற்றும் பொத்தானும் அணைந்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரோக் பாத் கொடுத்தால் ஒன்றுமே வரவில்லை

கட்டளையே மங்கிக் கிடந்தால் நீங்கள் நிற்பது ஷேப் லேயரிலோ எழுத்து லேயரிலோ இருக்கும். புதிய வெற்று லேயருக்குப் போங்கள். கட்டளை வேலை செய்தும் எதுவும் தெரியாவிட்டால், பக்கத்தில் எங்கோ ஒரு தேர்வு உயிரோடு இருக்கலாம். அதற்கு வெளியே மை விழாது. கன்ட்ரோல், டி அழுத்தித் தேர்வை நீக்குங்கள். முன்னணி நிறம் தாளின் நிறமாகவே இருப்பதும் நடக்கும். கிம்ப்பில் லேயரின் எல்லை பக்கத்தை விடச் சிறியதாக இருந்தால் எல்லையைத் தாண்டிய தையல்கள் வெட்டுப்படும். லேயர் மெனுவில் லேயர் டு இமேஜ் சைஸ் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

மூலையில் அரைத் தையல், அல்லது தையல் மூலைவிட்டமாகத் திரும்பி நிற்கிறது

உண்மையான தையல்காரர் மூலைக்கு வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு, துணியை அழுத்தும் ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்புவார். அதனால் மூலையில் எப்போதும் ஒரு துளை இருக்கும். தையல் ஒருபோதும் மூலையில் மடங்காது. நம் பக்கத்திலும் அதுதான் நடக்க வேண்டும்.

பிரஷ்ஷால் போடுகிறவர்கள் சதுரத்தை ஒரே பாதையாக ஓட்டாதீர்கள். நான்கு பக்கத்துக்கு நான்கு பாதை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்ட்ரோக் செய்தால் மூலையில் திரும்பும் பிரச்சினை வராது.

டேஷ்டு லைனில் கணக்குப் போட்டால் போதும், சுத்தமாக உட்காரும். ஒரு தையலும் ஒரு இடைவெளியும் சேர்ந்து 30 பிக்சல். பக்கத்தின் நீளம் 30-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். 3600 பிக்சல் பக்கத்தில் எல்லா ஓரத்திலிருந்தும் 120 பிக்சல், அதாவது 1 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் சதுரத்தின் பக்கம் 3360. அதில் சரியாக 112 தையல் அடங்கும். நான்கு மூலையிலும் துளை தானாக வந்து விழும். ஸ்ட்ரோக் அலைன்மென்ட் நடுவில் இருக்கட்டும். புகைப்படத்தைச் சுற்றிப் போடும்போதும் இப்படித்தான்: படத்தின் அளவை நம்பிப் போகாமல், படத்துக்குப் பொருந்தும் 30-இன் மடங்கைத் தேர்ந்தெடுங்கள். 1200-க்கு 900 என்றால் 40 தையல், 30 தையல்.

வட்டத்தில் தொடக்கமும் முடிவும் சேரும் இடத்தில் அரைத் தையல் வந்தால், விட்டத்தைச் சுற்றளவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். 100 தையல் வேண்டுமென்றால் சுற்றளவு 3000, விட்டம் 955 பிக்சல்.

தையல் தாளுக்கு மேலே மிதக்கிறது

மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு இந்த இடத்தில் விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். ஸ்கிராப்புக் பக்கத்தில் புகைப்படத்துக்கும் ரிப்பனுக்கும் பொத்தானுக்கும் டிராப் ஷேடோ கொடுத்துப் பழகிய கை, அதே நிழலைத் தையலுக்கும் ஒட்டிவிடும். புகைப்படம் தாளின் மேல் கிடக்கும் பொருள். தையல் அப்படியில்லை, தாளைத் துளைத்து, இழுத்து, இறுக்கிக் கட்டியிருக்கிறது. அதன் நடுப்பகுதி தாளிலிருந்து நூலின் தடிமன் அளவுக்கே உயர்ந்திருக்கும். முனைகளோ தாளின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டவை.

ஆகவே நிழலைக் குறையுங்கள். 5 பிக்சல் நூலுக்கு டிஸ்டன்ஸ் 2, சைஸ் 3, ஒபாசிட்டி 35 முதல் 45 வரை போதும். கலப்பு முறை மல்டிப்ளை. நிழலின் நிறம் தூய கருப்பாக இல்லாமல், தாளின் நிறத்தையே நன்றாக அடர்த்தியாக்கி எடுத்த நிறமாக இருந்தால் அழுக்காகத் தெரியாது. பழுப்புத் தாளுக்குக் காப்பி நிறம், நீலத் தாளுக்கு ஆழ்ந்த நீலம்.

அடுத்தது ஊசித் துளை. இதைத் தனித்தனியாகப் புள்ளி வைத்துப் போட வேண்டியதில்லை. முன்பு சொன்ன உருண்டை முனையின் நீட்சி இங்கே கை கொடுக்கிறது. தையல் இருக்கும் ஷேப் லேயரை நகலெடுத்துக் கீழே வையுங்கள். மேல் லேயருக்குத் தட்டை முனை, நூல் நிறம். கீழ் லேயருக்கு உருண்டை முனை, தாளின் அடர் நிறம். அகலம், டேஷ், இடைவெளி மூன்றும் இரண்டிலும் ஒன்றே. கீழ் லேயர் ஒவ்வொரு தையலின் இரு முனையிலும் அரை அகலம் வெளியே எட்டிப் பார்க்கும். பார்வைக்கு நூல் ஒரு இருட்டுக்குள் இறங்குவது போல இருக்கும். அகலம் 5, டேஷ் 5, இடைவெளி 1 என்ற மிஷின் தையலில் இரண்டு பக்கத்து அரை வட்டங்களும் சேர்ந்து இரு தையலுக்கு நடுவே ஒரே துளையாகிவிடும். நிஜத்திலும் அப்படித்தான். கைத் தையலுக்கு அகலம் 8, டேஷ் 5, இடைவெளி 3 வைத்துப் பாருங்கள்: 40 பிக்சல் நூல், 24 பிக்சல் இடைவெளி, ஒவ்வொரு முனைக்கும் தனித் துளை. நிழல் மேல் லேயருக்கு மட்டும். துளைக்கு நிழல் விழாது.

மூன்றாவது, தாள் அழுந்துவது. நூல் இறுகும்போது தாள் வரிசை நெடுகிலும் ஒரு நூலிழை பள்ளமாகும். தாளுக்கு மேலே, தையலுக்குக் கீழே ஒரு லேயரை 50% சாம்பலால் நிரப்பி ஓவர்லேயில் வையுங்கள். 25 பிக்சல் மென்மையான பிரஷ், கருப்பு, ஒபாசிட்டி 8% அளவில். தையல் பாதையையே அதில் ஒருமுறை ஸ்ட்ரோக் செய்யுங்கள். தனியாகப் பார்த்தால் எதுவுமே செய்யாதது போலத்தான் இருக்கும். அந்த லேயரின் கண்ணை மூடித் திறந்து பாருங்கள், வித்தியாசம் புரியும். மெல்லிய தாளில் இதைக் கொஞ்சம் கூட்டலாம். தடித்த அட்டையில் பாதியாக்கலாம்.

பெரிய கைத் தையல் நான்கைந்து மட்டும் இருக்கிறது, அது பக்கத்தின் முக்கிய இடம் என்றால் இன்னும் ஒரு படி போகலாம். லேயர் ஸ்டைல் மெனுவில் கிரியேட் லேயர்ஸ் கொடுத்தால் நிழல் தனி லேயராகப் பிரியும். தையலின் இரு முனைக்கு அருகில் நிழலை மென்மையாக மறைத்து, நடுவில் மட்டும் விடுங்கள். நூல் வில்லாக வளைந்து மேலே வந்து போவது தெரியும். பிரிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள், பிரித்த நிழலை மறுபடி ஸ்டைலாக்க முடியாது. 112 தையலுக்கு இதைச் செய்வது வீண் வேலை.

நூல் பிளாஸ்டிக் குழாய் மாதிரி பளபளக்கிறது

பெவல் அண்டு எம்பாஸ் (மேடு போலக் காட்டும் லேயர் ஸ்டைல்) அதிகமாகிவிட்டது. இன்னர் பெவல், சைஸ் 2 பிக்சல், சாஃப்டன் 1. ஹைலைட் ஒபாசிட்டியை 25-க்குக் கீழே கொண்டுவாருங்கள். பருத்தி நூல் ஒளியை அவ்வளவு திருப்பி அனுப்பாது. பட்டு நூல், ரேயான் எம்ப்ராய்டரி நூல் என்று காட்ட வேண்டுமானால் மட்டும் 40 வரை போகலாம். ஹைலைட் நிறத்தை வெள்ளையாக விடாமல் நூல் நிறத்தின் வெளிர் சாயலாக வையுங்கள்.

முறுக்குக் கோடுகளைப் பொறுத்தவரை என் கருத்து, 5 பிக்சல் நூலில் அதற்கு இடமே இல்லை, அச்சிலும் தெரியாது. 10 பிக்சலுக்கு மேற்பட்ட நூலில்தான் போட வேண்டும். சாய்கோட்டுப் பேட்டர்ன் ஒன்றைப் பேட்டர்ன் ஓவர்லேயாகக் கொடுப்பது சுலபமான வழி. நேர் பக்கங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் பேட்டர்ன் தையலோடு சேர்ந்து திரும்பாது. வட்டத்தில் 45 டிகிரியில் ஓடும் பகுதிக்கு வந்தால் சாய்கோடு நூலின் நீளவாக்கிலேயே ஓடி, முறுக்கு அவிழ்ந்தது போலாகும். வளைவுகளுக்கு முறுக்கைப் பிரஷ் முனையிலேயே வைப்பதுதான் சரி.

எல்லாம் சரி, ஆனால் அச்சடித்தது போல ஒழுங்காக இருக்கிறது

மிஷின் தையலில் நீளம் மாறாது, கோடு லேசாக நெளியும். தாளைத் தள்ளும் கை ஆடுவதால். கைத் தையலில் நீளமும் மாறும், சாய்வும் மாறும். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கக் கூடாது.

மிஷின் தையலுக்குப் பாதையில் அங்கங்கே ஒரு புள்ளியைச் சேர்த்து 2, 3 பிக்சல் நகர்த்துங்கள். நகல் எடுத்த துளை லேயர் இருந்தால் இரண்டின் பாதையையும் சேர்த்தே நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் துளை ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம் போகும். இதை முதலில் செய்துவிட்டு அப்புறம் நகலெடுப்பது இன்னும் சுலபம். கைத் தையலை பிரஷ்ஷால் போடுகிறீர்கள் என்றால் சைஸ் ஜிட்டர் 5%, ஆங்கிள் ஜிட்டர் 1%, ஸ்கேட்டரிங் மிகக் கொஞ்சம். ஆங்கிள் ஜிட்டரில் 1% என்பதே 3.6 டிகிரி. 5% வைத்தால் தையல் தாறுமாறாகிவிடும்.

தொடக்கத்தையும் முடிவையும் கவனியுங்கள். மிஷினில் தைப்பவர் நூல் பிரியாமல் இருக்க மூன்று நான்கு தையல் பின்னோக்கி ஓட்டிக் கட்டுவார். வரிசையின் தொடக்கத்தில் 3 தையல் நீளத்துக்கு இன்னொரு சிறு பாதையை 2 பிக்சல் தள்ளிப் போட்டால் அந்தக் கட்டு கிடைத்துவிடும். அதிலிருந்து 100 பிக்சல் நீளத்துக்கு ஒரு நூல் வால் தளர்வாகத் தொங்கட்டும். இந்த வாலுக்கு மட்டும் நிழல் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் அது நிஜமாகவே தாளுக்கு மேலே கிடக்கிறது.

ஜிக்ஜாக் மலை வரைபடம் போலத் தெரிகிறது

ஒவ்வொரு சாய்வுக் காலும் தனித் தையல் என்பது மறந்துபோய், ஒரே தொடர்கோடாக வரைந்திருப்பீர்கள். திரும்பும் உச்சிகள் எல்லாவற்றிலும் துளை வேண்டும். 4 மில்லிமீட்டர் அகலம் என்றால் குறுக்கே உச்சிக்கு உச்சி 47 பிக்சல். இரண்டு கால்கள் கொண்ட முனையை, உச்சியில் 3, 4 பிக்சல் இடம் விட்டு, பிரஷ்ஷாகப் பதிந்து டைரக்ஷனோடு ஓட்டலாம். இறுக்கமான வளைவில் உள்பக்கக் கால்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அதைத் திருத்த முயலாமல் வளைவைப் பெரிதாக்குங்கள்.

நிழல் ஒரு பக்கம், படத்தின் நிழல் இன்னொரு பக்கம்

யூஸ் குளோபல் லைட் எல்லா ஸ்டைல்களிலும் டிக் ஆகியிருக்கட்டும். அப்படியும் ஒத்துவராத ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் வாங்கிய கிட்டில் (ஆயத்த அலங்காரப் படத் தொகுப்பில்) வந்த பிஎன்ஜி படத் தையலாக இருக்கும். நிழலை அதிலேயே சேர்த்துச் சுட்டிருப்பார்கள். அதை 90 டிகிரி திருப்பினால் நிழலும் திரும்பிவிடும். லேயர் ஸ்டைலாக இருக்கும் நிழலோ திருப்பினாலும் திசை மாறாது. கிட் வாங்கும்போது நிழல் இல்லாத தையலைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் நல்லது.

வேறு அளவுக்கு மாற்றியதும் நிழலும் பெவலும் வீங்கிவிட்டன

12 அங்குலப் பக்கத்தை 8 அங்குலமாக்கும்போது இமேஜ் சைஸ் பெட்டியின் பல்சக்கரத்தில் ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் ஆகியிருக்க வேண்டும். ஒரு தையலை மட்டும் சிறிதாக்கியிருந்தால் லேயர் ஸ்டைல் மெனுவில் ஸ்கேல் எஃபெக்ட்ஸ் கொடுத்து, நூலைக் குறைத்த அதே சதவீதத்தைத் தட்டுங்கள். கிம்ப்பில் 3.0 பதிப்பு, 2025 மார்ச்சில் வந்தது, ஃபில்டர்களைப் பிறகு மாற்றக்கூடியபடி லேயரோடு வைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அளவை முடிவு செய்த பிறகே டிராப் ஷேடோ போடுவது உத்தமம்.

திரையில் அருமை, அச்சில் தையலைக் காணோம்

நூலும் தாளும் நிறத்தில் வேறு, வெளிச்சத்தில் ஒன்று என்ற நிலையில் இது நடக்கும். பக்கத்தைத் தற்காலிகமாகக் கருப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதில் தையல் தெரியவில்லை என்றால் அச்சிலும் அரைகுறையாகவே தெரியும். நூலை இரண்டு படி வெளிறச் செய்யுங்கள் அல்லது அடர்த்தியாக்குங்கள். அச்சில் நிழல் பகுதிகள் திரையை விடச் சற்று இருண்டே வரும். ஆகவே கருந்தாளில் அடர்நிற நூல் வேண்டவே வேண்டாம்.

கோப்பை ஃபோட்டோஷாப்பில் ஜேபெக்காகச் சேமிக்கும்போது தரத்தை 10-க்குக் கீழே குறைக்காதீர்கள். சிவப்பு நூலின் ஓரத்தில் அழுக்குப் படிந்தாற்போல வருவது பெரும்பாலும் அந்தச் சுருக்கத்தால்தான். ஓரத் தையல் பக்க விளிம்புக்கு மிக அருகில் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அச்சகத்தில் பக்கத்தைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் வெட்டுவார்கள். கத்தி ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகப் போனாலும், இணையாக ஓடும் தையல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். புத்தகமாகக் கட்டப்போகும் பக்கத்தில் 120-க்குப் பதில் 180 பிக்சல் உள்ளே தள்ளுங்கள். அப்போது சதுரத்தின் பக்கம் 3240. 108 தையல் மீதியின்றி அடங்கும்.